லேட் பஸ்ஸும் கோலாட்டமும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலை யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று தனேஸ்வரன் முடிவெடுத்துவிட்டார். டயர் கடையில் வாரம் முழுக்க லோரிக்காரர்களிடம் ஏச்சு வாங்குகிற மனுஷனுக்கு மிஞ்சியிருந்த சுகம் அது ஒன்றுதான். ஹால், சோபா, ரெண்டு பெரிய ஸ்பீக்கர், அப்புறம் லேட் பஸ்.

லேட் பஸ் என்பது ஒரு அமெரிக்க ராக் குழு. மேடையேறிப் பாட்டைத் தொடங்குவார்கள். அப்புறம் எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. மனம் போன போக்கில் வாசித்து, பழைய இடத்துக்குத் திரும்பி வர முக்கால் மணி நேரம்கூட ஆகும். அந்தக் கச்சேரிகளை ரசிகர்களே பதிவு பண்ணி, கேசட்டாக உலகம் முழுக்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்வார்கள். தனேஸ்வரனிடம் ஒரு அலமாரி நிறைய இருந்தது. அதிலும் ஊரே மெச்சுகிற கச்சேரி எதுவும் அவருக்கு ஆகாது. மழையில் முக்கால்வாசிப் பேர் வராமல் போன ஒரு காலேஜ் ஹால் கச்சேரி, அதுதான் உசத்தி. “இதோட அரும எவனுக்கும் தெரியல” என்று ஈப்போவில் சிக்கியவனிடமெல்லாம் சொல்வார். கோப்பிக்கடையில் அவர் தலை தெரிந்தாலே பாதிப் பேர் கோப்பியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

“என்னங்க, கோயில் திருவிழாவுக்குக் கோலாட்டம் போடுறோம். இனிமே ஞாயித்துக்கிழம ஆடிப் பழக ஹால் எங்களுக்கு வேணும்” என்றாள் மனைவி குமுதா.

“கோயில் மண்டபம் என்ன ஆச்சு?”

“சாயம் அடிக்கிறாங்கலா.”

“பக்கத்து வீட்டுப் புனிதா வீடு?”

“வீடு பூரா பூனை. கோலாட்டக் குச்சியக் கண்டா மேல பாயுது.”

“அப்ப என் பாட்டு?”

“அது பாட்டா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேன், அந்தாளு இன்னும் கித்தாருக்குச் சுதி சேத்துக்கிட்டே இருக்கான்!”

தனேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. அவரைத் திட்டினால் பொறுப்பார். லேட் பஸ்ஸைத் திட்டினால் பொறுக்க மாட்டார்.

“ஒரு தடவயாச்சும் முழுசா உக்காந்து கேட்டிருக்கியா? ஒன்னால முடியாது. அஞ்சு நிமிஷத்துல அடுப்பு கூப்பிடும், கொடியில காயிற துணி கூப்பிடும்.”

“பந்தயமா?”

“பந்தயம்!”

அந்தக் காலேஜ் ஹால் கச்சேரி. ரெண்டு பேரும் சோபாவில் உட்கார வேண்டியது. பாட்டு முடியுமுன் எழுந்தவருக்கு ஹால் இல்லை, வருஷம் பூராவும்.

“யார் எந்திரிச்சாலும்தானே?” என்று குமுதா கேட்டுக்கொண்டாள்.

“யார் எந்திரிச்சாலும்லா!” என்று தாராளமாகச் சொன்னார். வேலையோ சும்மா உட்கார்வது. அதில் அவரை அடிக்க அந்தத் தாமான் குடியிருப்பிலேயே ஆள் கிடையாது.

“போன்லயே போடலாம்ல?”

“போனா? கேசட்டுல கேக்கணும் குமுதா. அதுதான் மரியாத.”

“அதுவும் சரிதான்” என்றாள் அவள், ரொம்ப அடக்கமாக.

ஞாயிறு வந்தது. தனேஸ்வரன் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாய்ந்தார். குமுதா ஒரு பேசின் நெத்திலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலை கிள்ள ஆரம்பித்தாள். நெத்திலி கிள்ளுகிறவளை எமன் வந்தாலும் எழுப்ப முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பரவாயில்லை, அவரிடமும் ஒரு வேலை இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்தபடி மீன்காரர் வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தார். அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். குமுதா அசையவில்லை.

“புனிதாக்கா! எனக்கும் கொஞ்சம் கெம்போங் மீனு வாங்கி வைங்க!” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டாள். பிரச்சினை தீர்ந்தது.

பாட்டு அதன் இஷ்டத்துக்கு அலைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றுவிட்டது.

“என்னங்க, கித்தார்காரன் இப்ப எங்கயோ தொலஞ்சு போயிட்டான்ல?”

“ஆமா!” என்றார் தனேஸ்வரன், நிமிர்ந்து.

“அந்தப் பியானோக்காரன் அவனத் தேடிக்கிட்டுப் போறான். பாவம்.”

தனேஸ்வரன் சோபாவிலேயே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதேதான்! எத்தனை பேருக்கு மண்டையில் அடித்துச் சொல்லியிருக்கிறார், ஒருத்தனுக்காவது புரிந்ததா? இத்தனை வருஷமாகத் தேடிய ரசிகை பக்கத்திலேயே நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹாலாவது பந்தயமாவது, இனி ஞாயிறுதோறும் ரெண்டு பேருமாகக் கேட்கலாம் என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கித்தார் ஏறியது. பியானோ பின்னாலேயே ஏறியது. டிரம்ஸ் ரெண்டையும் துரத்தியது. இதோ, இதோ, வந்துவிட்டது...

டக்.

“ஐயய்யோ, நின்னுருச்சே!” குமுதா பதறினாள். “அவன் வந்து சேந்தானா இல்லியா? சீக்கிரம் திருப்பிப் போடுங்களேன்!”

“இதோ ஆச்சு!” தனேஸ்வரன் துள்ளி எழுந்து ஓடினார். கேசட்டைத் திருப்பினார், பட்டனை அமுக்கினார். கித்தார் கணீரென்று வந்தது. முகமெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்த்தார்.

குமுதா மடியில் பேசினோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிச்சிட்டீங்க.”

“அலாமாக்! கேசட்டத் திருப்பத்தானே...”

“யார் எந்திரிச்சாலும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றவள் வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். “அக்கா, எல்லாரையும் வரச் சொல்லுங்க!”

தனேஸ்வரன் தொப்பென்று உட்கார்ந்தார். ஹால் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

“எடுத்துக்க. ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லு குமுதா. பாட்டு பிடிச்சிச்சா, இல்ல எல்லாம் நடிப்பா?”

“பிடிக்காமயா? வாராவாரம் கேக்குறேனே! அதுவும் இந்த ரெண்டாம் பக்கம் இருக்கே, அதுதாங்க உசத்தி. நீங்க எங்க கேட்டீங்க, திருப்பிப் போட்டதுமே கொறட்ட விட ஆரம்பிச்சுருவீங்களே!”