கார் கதவும் பெரிய டீச்சரின் சுண்டுவிரலும்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், கார் நலம், மற்றவர்கள் நலம் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே அக்கா, பிள்ளைகள், உங்கள் முதுகுவலி எல்லாம் எப்படி இருக்கின்றன? உங்கள் பெயின்ட் கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று போன மாதம் கேட்டீர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஒரு கலை, டப்பா அடுக்குகிறவர்களுக்கு அது புரியாது என்று நான் ஏதோ வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அதை மன்னித்துவிடுங்கள். திங்கட்கிழமை முதல் கடைக்கு வருகிறேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கார் கற்கிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வயது அறுபத்து மூன்று. எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளிகூட அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார், நான் தப்பாகச் சொன்னால் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போடுவார். அவர் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் கண்ணில் ஆபரேஷன். முப்பது வருஷம் தன்னை ஏற்றிக்கொண்டு போன மனிதரை அன்றைக்குத் தானே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதம். எல்லாம் வந்துவிட்டது, ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. மைதானத்தில் நான் வைத்த கூம்புகளைப் பதினான்கு நாளாக ஒன்று விடாமல் சாய்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கூம்பும் விழவில்லை அத்தான். வண்டி இரண்டு வரிசைக்கு நடுவே போய் அளவெடுத்தாற்போல் நின்றது. அவர் இறங்கி, காரைப் பிடித்தபடி நின்று பார்த்தார். நானும் இந்தப் பக்கம் இறங்கி ஓடிப்போய், பெரியவர் கதவைச் சாத்த வேண்டாமே என்ற மரியாதையில் நானே சாத்தினேன், சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டேன், அவருடைய இடது சுண்டுவிரல் இன்னும் கதவிடுக்கில்தான் இருந்தது என்பதை யார் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவர் கூம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, கதவைத் திற" என்றார். வகுப்பில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிற குரல்.

நகத்தடியில் ரத்தம் கட்டிக் கருநீலமாகிவிட்டது. நான் சாவியை இரண்டு தடவை கீழே போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ அந்தப் பக்கம் உக்காரு. நான் ஓட்டறேன்" என்றார். விரலில் கைக்குட்டை சுற்றியிருந்ததால் கியரைப் போடும் வேலை எனக்கு. அவர் க்ளட்சை மிதித்து "ரெண்டு" என்பார், போடுவேன். "மூணு" என்பார், போடுவேன். மெயின் ரோட்டில் அவர் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. சிக்னலில் பக்கத்து பஸ் டிரைவர் எங்கள் காரின் டிரைவிங் ஸ்கூல் போர்டையும் எங்கள் இருவரையும் பார்த்து, யார் கற்கிறார் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவர் விறுவிறுவென்று நடக்க, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் இருந்தவர்கள் நியாயமாக என்னைத்தான் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பதிவு செய்கிற பெண் உறவு என்ன என்று கேட்டாள். ஆசிரியர், மாணவி என்றேன். அவள் டீச்சரின் நரைத்த தலையைப் பார்த்து, தானாகவே திருத்தி, டீச்சரை ஆசிரியராகவும் என்னை நோயாளியாகவும் எழுதிவிட்டாள். அதை அடித்துத் திருத்தி எங்கள் முறை வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடியது. அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சர், வரிசைக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார், அறிவிப்புப் பலகையில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தார்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். என் வேலை, முதலாளியின் முகம், இருபது வயதில் இந்த வேலைக்கு வந்த நாள் எல்லாம் கண்முன்னே ஓடியது. டீச்சர் அலட்டிக்கொள்ளாமல், "என் கவனக்குறைவுதான்" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "இல்ல டாக்டர், நான்தான் கதவச் சாத்தினேன்" என்று எழுந்து நின்றேன்.

"தெரியும், உக்காரு" என்றார் டீச்சர். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஒழுங்கா நிறுத்தினேன். அதை விட்டுட்டு எல்லாரும் விரலப் பத்தியே கேப்பாங்க. அதான் பேச்சை அதோட முடிச்சேன்."

பத்து நாள் கட்டு. ஆபரேஷனுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது என்று மறு கையில் எண்ணிப் பார்த்து நிம்மதியானார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கண்ணை மூடினால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. இனி யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கும் தகுதி எனக்கில்லை அத்தான். டப்பாக்களுக்கு விரல் கிடையாது. எந்த நிறம் எந்த அலமாரி என்று சொல்லுங்கள், மனப்பாடம் செய்துகொண்டே வந்துவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். சின்னவனுக்கு முத்தம், பெரியவளுக்கு அது பிடிக்காது என்பதால் அன்பு மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை என்றும் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். ஆபீஸ் வாசலில் நான்கு அம்மாக்கள், பெரிய டீச்சரோடு வேலை பார்த்தவர்களாம். கார் கற்க வேண்டுமாம், அதுவும் என்னிடம்தானாம். "தப்புப் பண்ணினா எழுந்து நின்னு சொல்ற பையன்" என்று டீச்சர் சொல்லி அனுப்பினாராம். அவர்களில் உடற்பயிற்சி டீச்சராக இருந்தவர் இப்போதே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அத்தான், மேலே எழுதியதில் நலம் விசாரித்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் கிழித்துவிடவும்.