ஆறு முறை விரட்டிய திருடன்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் தேவையா என்று யாராவது பேச்செடுத்தால், நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இருபது வருடமாக அப்படித்தான். எனக்கு அதைப் பற்றித் தெரியாது என்பதல்ல காரணம். ஒரு காலத்தில் திருத்தணியிலேயே அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் (என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்).

அரக்கோணத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். இன்டர்நெட் இணைப்பு கொடுத்த மறு நிமிடமே உலகத்துத் திருடனெல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிடுவான் என்று வாத்தியார் பயமுறுத்தி அனுப்பினார். அன்றைக்கே ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து ஃபயர்வாலை ஏற்றிவிட்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் திருடுவதற்கு இருந்தது இரண்டே பொருள்: சீட்டாட்டம், எனக்குப் பெண் பார்ப்பதற்காக அடித்து வைத்த பயோடேட்டா. (அதை எவனாவது திருடிப்போய் நாலு இடத்தில் காட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.)

அந்த ஃபயர்வாலுக்கு ஒரு குணம் உண்டு. வெளியிலிருந்து யார் வந்தாலும் மணியடித்து, 'இந்த எண்ணிலிருந்து ஒருவர் உள்ளே வரப் பார்க்கிறார், விடலாமா?' என்று கேட்கும். வெறும் எண்தான். பேர் இருக்காது.

அக்கா பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அக்கா புருஷனை நான் பாவா என்பேன், அவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் வள்ளிக்குப் பதினோரு மாதம் ஆகியும் அவர் அவளைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தார். தலை கொள்ளாத சுருட்டை முடி அவளுக்கு. மலைக்கோயிலில் முதல் மொட்டைக்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. பாவாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"முடி எடுக்கறதுக்கு முன்னால, கொயந்த அசையறத ஒரு வாட்டி பாத்துடறேன் மச்சான்."

வெப்கேமரா வாங்கி மாட்டினேன். வெள்ளி காலை எட்டு மணிக்கு அவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து கூப்பிட வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மொட்டை.

எட்டு மணிக்கு அக்கா வள்ளிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கேமராவுக்கு நேரே மடியில் வைத்துக்கொண்டாள். எங்களைப் பெற்ற நைனா பின்னால் விறைப்பாக நின்றார் (மாப்பிள்ளைக்கு அவரும் தெரிய வேண்டுமாம்). மெசஞ்சரில் பாவாவின் பேர் பச்சையாக மாறியது. உடனே மணியடித்தது. ஏதோ ஓர் எண்.

"இன்னாடா அது?" என்றாள் அக்கா.

"திருடன்க்கா. நீ பயப்படாத, நான் கீறேன்ல."

தடுத்தேன். மறுபடியும் அதே எண். மறுபடியும் தடுத்தேன். பாவா வரும் நேரம் பார்த்து வருகிறான் என்றால் பலே கைகாரன்தான். ஆறாவது முறை, 'இனி கேட்காமலே தடு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதுவும் போதாதென்று இன்டர்நெட் வந்த டெலிபோன் ஒயரையே சுவரிலிருந்து பிடுங்கி, பாம்பு அடித்தவன் மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"உங்க பாவா பேரு வந்துச்சேடா?" என்றாள் அக்கா.

"பேரு வந்தா ஆச்சா? ஆளு வரணுமே. தூங்கிகினு இருப்பாரு."

ஒயரைச் செருகினால் திருடன் திரும்பி வருவான் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் நைனா பொறுக்கவில்லை, எல்லாரையும் கிளப்பினார். மலையில் தாய்மாமனான என் மடியில்தான் வள்ளி உட்கார்ந்தாள். சுருள் சுருளாக முடி என் வேட்டியில் விழுந்தது. அக்கா அழுதாள். பெற்றவள், அழத்தான் செய்வாள் என்று பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகியதும் போன் அலறியது. அக்கா எடுத்தாள். பாவாவின் குரல் எனக்கே கேட்டது.

"கொயந்தைக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் ஆவலீங்க. மொட்ட போட்டுகினு இப்பதான் வந்தோம்."

"பின்ன இன்னாத்துக்கு என்கிட்ட காட்டல? ஆறு வாட்டி கூப்டேன். ஆறு வாட்டியும் தள்ளி வுட்டீங்க. அப்பால போனும் செத்துப்போச்சு. நான் இன்னான்னு நெனைக்கறது?"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறேதான்.

ஃபயர்வாலை அழித்தேன். சாயந்திரம் பாவா மறுபடியும் பிரவுசிங் சென்டருக்குப் போனார். அவர் முதன்முதலாக அசையப் பார்த்த மகள், சந்தனம் பூசிய மொட்டை. திக்கித் திக்கி வந்த அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வுடு மச்சான், மொட்டைல என்ன மாதிரியே கீறா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இப்போதும் லீவில் வந்தால் அவர் நேராக உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "மஸ்கட்லருந்து ஒர்த்தன் வந்துகீறான், உள்ள வுடலாமா?" என்று கேட்பார். நான் ஓடிப்போய் "வாங்க பாவா" என்று சொன்னால்தான் காலெடுத்து வைப்பார். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே வந்ததும் முதல் வேலையாக, கல்லூரிக்குப் போகும் வள்ளியின் தலையைத் தடவுவார். அப்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மொட்டைக்குப் பிறகு அவளுக்கு முளைத்ததெல்லாம் நேர் முடி.