மூன்று மீன் கேடயம்

"இருக்கே மதாம், கல்லுலயே செதுக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபிர்மேன் வஷெரோ போனை வைத்தான்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஓதில் எட்டிப் பார்த்தாள். "நம்மகிட்ட என்ன இருக்கு?"

"குலச்சின்னம். கல்யாணப் பத்திரிகையில ரெண்டு வீட்டுக் கேடயத்தையும் பக்கத்துல பக்கத்துல போடணுமாம். உங்களுக்கு உண்டான்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"வஷெரோங்கற பேருக்கே மாடு மேய்ச்சவன்னுதான் அர்த்தம்னு க்ரூஸ் ஜில்லா பூராவுக்கும் தெரியும். மாட்டுக்காரனுக்கு ஏது கேடயம்?"

மகள் நாதேழை எடுக்கப்போவது த லெஸ்த்ராக் வீட்டில். பெயருக்கு முன்னால் அந்த 'த' இருந்தால் கோட்டையும் நிலமும் ஆண்ட வம்சம் என்றுதான் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். தன்னைப் போன்ற கொத்தனின் மகளை வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்கு போதும் என்று ஃபிர்மேனுக்கு உள்ளூர உதறல்.

கல் இருந்தது உண்மை. வீட்டுக்கு எட்டத்தில், சாலையோரப் பன்றிக் கொட்டகை வாசலுக்கு மேலே. பிரபுக்களை விரட்டிய புரட்சியின்போது இடிந்த ஏதோ கோட்டையிலிருந்து அவன் முப்பாட்டன் ஒருவன் வண்டியில் ஏற்றிவந்தது. கேடயத்துக்குள் மூன்று மீன்.

மறுநாள் மதாம் மறுபடி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து கல்லை நேரிலேயே பார்ப்பார்களாம்.

ஃபிர்மேன் உளியோடு போனான். கல்லைப் பெயர்த்ததும் கொட்டகையின் முன்சுவர் சரிந்தது. பன்றிகள் மூன்றும் மேயரின் முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள் போயின. பிடித்து வந்து, வேறு இடமில்லாமல், வீட்டில் துணி துவைக்கும் அறையில் அடைத்தான். பிறகு முதுகு ஒடிய ஏணியில் ஏறி, கல்லை வீட்டு வாசலுக்கு மேலே பதித்தான். கனம் தாங்காமல் நிலை இறங்கிவிட்டது. கதவு திறக்கவில்லை.

"மூணு மீனை வெளிய வெச்சு, மூணு பன்னிய உள்ள வெச்சிருக்க" என்றாள் ஓதில். "விருந்தாளிங்க ஜன்னல் ஏறியா வருவாங்க?"

"முத்தத்துல மேஜை போடு. வெயில் காயுது."

ஞாயிற்றுக்கிழமை தூறியது. கொத்துவேலைத் தார்ப்பாயை மேஜைக்கு மேலே இழுத்துக் கட்டினான்.

கணவரோடு மதாம் காரை விட்டு இறங்கினார். வாசலை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது. கையிலிருந்த மாதிரிப் பத்திரிகையை அவசரமாகப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். அது நழுவி ஈரத்தில் விழுந்தது. ஃபிர்மேன் குனிந்து எடுத்தான். வலப்பக்கம் வஷெரோ பெயருக்கு மேலே காலியிடம். இடப்பக்கம் த லெஸ்த்ராக் பெயருக்கு மேலே ஒரு கேடயம். அதற்குள் மூன்று மீன்.

அவன் திருட்டுக் கல்லை உடையவர்களுக்கே காட்டியிருக்கிறான். நாதேழ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஒரு பன்றி உறுமியது.

"மதாம், மறைச்சுப் பிரயோஜனமில்ல" என்றான். "கல்லு உங்க கோட்டையோடதுதான். புரட்சியில எங்க ஆளுங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. போன வாரம் வரைக்கும் அந்த ரோட்டோரப் பன்னிக் கொட்டகை மேலதான் இருந்துச்சு. நாங்க மாடு மேய்ச்சவங்க. என் பொய்க்காக எம்பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க. கல்லை இறக்கிக் கொடுத்துடறேன்."

மதாமின் வெளுத்த முகம் காதுவரை சிவந்திருந்தது.

அவர் கணவர், நனைந்த தொப்பியைக் கழற்றி உதறினார்.

"அந்தக் கொட்டகை உங்களோடதா? அப்பவே தெரிஞ்சிருந்தா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே பத்திரிகைக்குப் போட்டோ எடுத்திருப்போமே."