செம்புத் தோட்டாவும் இரண்டு மான்களும்

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு, மாண்டானா
நவம்பர் 19

பெருமதிப்பிற்குரிய ஆர்விட் மச்சானுக்கு,

ஹால்வர் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஐரீனும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை நான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. உங்கள் நலமும் ரூத் அக்காவின் இடுப்புவலி குறைந்த செய்தியும் அறிய ஆவல்.

முப்பத்தொரு வருடமாக நீங்கள் உங்கள் கையாலேயே அடைத்து அனுப்பும் ஈயத் தோட்டாவில்தான் இந்த வீடு கறி தின்றது. இந்த வருடம் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டதாக ஐரீன் சொன்னாள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் சுட்ட எல்க் மானின் குடலை வழக்கம்போல ஓடைக்கரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அதற்குப் பக்கத்தில் ஒரு கழுகு தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் ஐரீன் தொண்டு செய்யும் பறவை மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். குடலில் சிதறியிருந்த ஈயத் துணுக்குகளைத் தின்றிருக்கிறது, இரத்தமெல்லாம் ஈயம். நான்கு நாளில் செத்துப்போனது. "எவனோ குடல விட்டுட்டுப் போயிருக்கான்" என்று அன்று சாப்பாட்டு மேசையில் ஐரீன் சொன்னாள். அந்த எவனோவாகிய நான் அப்போது உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்கத் தைரியம் இல்லை.

ஆக, செம்புக்கு மாறினேன். அன்றைக்குப் பிடித்தது சனி. பழகிப் பார்க்கச் சுட்ட முதல் மூன்று தோட்டாவில் ஒன்று குறி அட்டையில் பட்டது, ஒன்று அட்டையை நிறுத்திய கட்டையில் பட்டது, மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. துப்பாக்கிக் குழலுக்குள் பழைய ஈயக் கசடு இருந்தால் செம்பு ஒழுங்காகப் போகாது, சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்றார் தோட்டாக் கடைக்காரர். இரண்டு நாள் சமையலறையில் உட்கார்ந்து துடைத்தேன். துடைக்கும் மருந்தின் நாற்றத்தில் ஐரீன் என்னையும் துப்பாக்கியையும் சேர்த்தே கொட்டகைக்கு அனுப்பினாள், அங்கே குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு வெண்டெல் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "என்ன ஹால்வர், செம்பாமே? வீட்டுத் தண்ணிக் குழாய வெட்டியா சுடப்போற?" என்றான். நான் குழலைத் துடைப்பதைத் தொடர்ந்தேன். பதில் சொல்வதென்றால் கழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

அதே வெண்டெலோடுதான் வேட்டைக்கும் போனேன், மலையேற அவனிடம்தான் வண்டி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு இருநூறு கஜத்தில் ஒரு பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். அது விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல நடந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"தண்ணிக் குழாய்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றான் வெண்டெல்.

மேட்டைத் தாண்டிப் பார்த்தால் மான் நாற்பதடியில் செத்துக் கிடந்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பத்தடி தள்ளி இன்னொரு மானும் கிடந்தது. செம்பு உடையாமல் முதல் மானைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் புதருக்குள் நின்றதையும் அடித்திருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு.

"என் சீட்டு சும்மாதான கெடக்கு. அத இந்த ரெண்டாவது மான் மேல கட்டிருவோம். மலையில யாரு பாத்தா?" என்றான் வெண்டெல்.

"நான் பாத்தேனே."

"நீ பாத்தது கணக்கில்ல."

உண்மையைச் சொல்கிறேன், கால்மணி நேரம் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கழுகு விஷயத்தில் ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் இருந்து பார்த்தாயிற்று மச்சான். ஒரு வருடமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. வேட்டை அதிகாரிக்குப் போன் செய்தேன். பனியில் நாலரை மணி நேரம் காத்திருந்தோம். வெண்டெல் அவன் கொண்டுவந்த சூடான காபியில் ஒரு வாய்கூடத் தரவில்லை.

வந்த அதிகாரி டானா என்ற பெண். செம்புத் தோட்டா பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் முன்பு கூட்டம் போட்டுப் பேசியதும் அவள்தான்.

"பின்னால என்ன நிக்குதுன்னு பாத்துச் சுடுங்க, செம்பு உள்ள நிக்காதுன்னு மூணு தடவ சொன்னேனே. நீங்க முன் வரிசையில உக்காந்து தூங்கினீங்க."

"கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேம்மா."

"கொறட்டை விட்டீங்க."

இரண்டாவது மானை இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்கு எடுத்துப்போனாள். நானே கூப்பிட்டுச் சொன்னதால் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டாள். வெண்டெல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். தேவாலயத்தில் பாதிரியார்கூட, "ஒரே குண்டுல ரெண்டாமே" என்று கையைக் குலுக்குகிறார்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. புதிதாக ஒன்றைக் கற்கும் தெம்பு இனி இல்லை. ஆகவே, அடுத்த வருடத்துக்குப் பழையபடி உங்கள் ஈயத் தோட்டாவே நான்கு பெட்டி அனுப்பிவையுங்கள். குடலை ஆழமாகப் புதைத்துவிடுகிறேன், முழங்கால் பாடு முழங்காலோடு.

உங்கள் வீட்டு அடுப்பும் நீங்கள் தோட்டா அடைக்கும் நிலவறையும் குளிர்காலம் முழுக்கச் சூடாக இருக்கக் கடவுள் அருளட்டும். ரூத் அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பொறுமையால் வாழும்
ஹால்வர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஸ்போகேனிலிருந்து எங்கள் மகள் கேரின் போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், இப்போது நான்காவது மாதமாம். ஐரீன் போனைப் பிடித்துக்கொண்டு அழுததில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பிறகு கேரின் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, வேட்டைக் கறின்னா எந்தத் தோட்டான்னு கேட்டுட்டுச் சாப்பிடச் சொல்றாங்க டாக்டர். ஈயத் தூள் கறியிலயும் இருக்குமாம், வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். இந்த வருஷ மான் எதுல சுட்டது?" என்றாள்.

"செம்பு" என்றேன்.

"அப்ப எனக்குப் பாதி எடுத்து வைங்க" என்றாள்.

ஈயம் அனுப்ப வேண்டாம் மச்சான். உங்கள் கை சும்மா இருக்காதென்றால் செம்பில் அடைத்துப் பாருங்கள். பெட்டி மேல் 'செம்பு' என்று பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியும்படி.