மேற்படியார் வம்சம்

முப்பாட்டன் பெயரைத் தேடிப் புறப்பட்டு, தன் பெயரைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் மேற்படியார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். அவர் அங்கே செக்கிங் மாஸ்டர். துணியில் எறும்பு நுழையாத ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிப்பார். சொந்தக் கதையில் யானை நுழையும் ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கு ஒரு பையன் பிறந்தான். தாத்தாவின் அப்பா பெயரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த முப்பாட்டன் பெரிய தச்சராம். கதவும் கட்டிலும் செய்தே காடு, தோட்டம் என்று வாங்கிக் குவித்தாராம். பிள்ளைகள் அதையெல்லாம் விற்றுத் தின்றுவிட்டார்களாம். எல்லாம் சரி, அவர் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. பையனின் ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போயிற்று.

"ஏனுங்க, புள்ளைய இன்னும் எத்தன நாளைக்குப் பாப்பான்னே கூப்பிடறது? தவழவே ஆரம்பிச்சுட்டான்" என்று அவர் மனைவி கேட்டது நியாயம்தான்.

ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். கையில் அவருடைய தாத்தா எழுதிவைத்த உயில். முதல் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

"பேரு கெடச்சிருச்சுங்க. மேற்படியாருங்க."

"என்னது?"

"நீங்களே படிங்க. 'என் தகப்பனார் மேற்படியார் சுயமாய்ச் சம்பாதித்த சொத்துக்கள்'. என்ன கம்பீரமான பேரு பாத்தீங்களா?"

"இல்லீங்ணா, மேற்படியார்னா மேலே சொன்னவர்னு அர்த்தம். பத்திரத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

"நீங்க சின்ன வயசு கண்ணு. அந்தக் காலத்துப் பேரெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும்?"

எனக்கு நிரூபிப்பதற்காகவே பத்திரம் எழுதுபவரின் கடைக்குப் போய், பழைய நகல்களைப் புரட்டிவிட்டு வந்தார். வரும்போது நடையே மாறியிருந்தது. "சோமனூர்ல காடு, அவிநாசிபாளையத்துல கெணறு, பூண்டியில கல்லுப் பட்டறை. எல்லாப் பத்திரத்துலயும் முப்பாட்டன் பேருதானுங்க. ஜில்லாவே நம்முளுதா இருந்திருக்குது."

கம்பெனிக்கு இது போதாதா? தெக்கத்திப் பக்கத்து டெய்லர் ஒருவர், "அண்ணாச்சி, எனக்கும் அரை சென்ட் எழுதி வையுங்க" என்று தினமும் மனுப் போட்டார். அன்றிலிருந்து மாஸ்டர் பெயர் மேற்படியார்.

அடுத்த முறை போனபோது பத்திரம் எழுதுபவரே உட்காரவைத்து விளக்கிவிட்டார். திரும்பி வந்தவர் கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். டீயைத் தொடவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சொத்துக்காகத் தேடறேன்னு நெனைக்கறாங்க கண்ணு. எனக்கு எதுக்குங்க நெலம்? தாத்தனுக்கு முந்தி எங்க ஊட்டுல ஒருத்தர் பேரும் தெரியாது. நாளைக்குப் பையன் கேட்டா ஒரு பேராவது சொல்லோணுமில்லீங்க."

அந்த உயிலை அப்போதுதான் நான் ஒழுங்காகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'தேக்குப் பெட்டியில் அடக்கமாகியிருக்கும் மேற்படியாரின் பக்கத்திலேயே என்னையும் அடக்கம் செய்யவேண்டியது.'

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் மாதா கோயிலுக்குப் போனோம். உபதேசியார் பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்து வந்தார். தொழில் என்ற இடத்தில் முதல் ஆளுக்கு 'பண்ணையம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாக மேற்படி, மேற்படி, மேற்படி.

"இங்கயும் வந்துட்டாருங்க" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கம் பக்கமாகத் தள்ளினோம். அடக்கமானவர்கள் அநேகமாக எல்லாரும் பாயில் சுற்றிப் புதைக்கப்பட்டவர்கள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் 'தேக்குப் பெட்டி' என்று எழுதியிருந்தது. தொழில், தச்சு. பெயர், சூசை.

அவர் அந்த எழுத்துக்கு மேலே, படாமல், விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவு சின்னப் பேருங்களா?" என்றார். பிறகு, "போதுமுங்க. கூப்பிடறதுக்குச் சுலுவா இருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையன் சூசையானான். கம்பெனிக்கே பிரியாணி கிடைத்தது. மாஸ்டருக்கு மட்டும் பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. முதலாளியே மேற்படியார் என்றுதான் கூப்பிட்டார்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. மனைவிக்கு அவர் 'ஏனுங்க', எங்களுக்கு மேற்படியார். நாளைக்கு அவருடைய கொள்ளுப்பேரன் இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அலையப் போகிறானே என்று பயந்து, கம்பெனிக்கே போன் செய்தேன்.

"செக்கிங் மாஸ்டர் பேரு என்னங்க?"

"மேற்படியாருங்களா? இங்கதான் இருக்கறாரு, குடுக்கறேன்."

அதே குரல். "கண்ணு, நல்லா இருக்கறீங்களா? சூசை காலேஜ் போறானுங்க. நீங்க எப்ப நம்ம ஊட்டுக்கு வர்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பெயர் கேட்க மறந்துபோயிற்று. கேட்டிருந்தாலும், அவரை இன்னொரு பெயரில் கூப்பிட எனக்கு வாய் வராது.