டிஸ்ப்ளே அண்ணாத்தையின் ஏழு நாள் விதி

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஓடுகிற எல்லாக் கடிகாரமும் ஊரப்பாக்கத்தில் ஒருவர் சம்மதித்தால்தான் ஓடுகின்றன என்று நான் நம்பிய காலம் உண்டு. அந்த ஒருவர் எங்கள் தெரு டிஸ்ப்ளே அண்ணாத்த. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

பிழைப்புக்கு ஸ்கூல் வேன் ஓட்டினார். உயிர் வாழ்ந்ததென்னவோ பழைய டிஜிட்டல் வாட்சுகளுக்காக. நாமெல்லாம் சின்ன வயதில் கட்டிக்கொண்டு அலைந்து, பிறகு டிராயரில் போட்டு மறந்தோமே, அதே கறுப்புப் பிளாஸ்டிக் வாட்சுகள்தான். சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, பேட்டரி மாற்றி, கண்ணாடியைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்து, கடைசியில் டூத்பேஸ்ட் வைத்துப் பழைய பனியன் துணியால் மெருகேற்றுவார். அண்ணி பேஸ்ட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைப்பார்.

"எங்க வூட்ல வாட்சுங்க தெனம் பல்லு வெளக்குது. மனுசங்க வேப்பங்குச்சி தேடிகினு கீறோம்" என்பார்.

ஒருமுறை ஒரு வாட்சின் முகத்துக்கு மேல் இருக்கும் மெல்லிய கறுப்புத் தாளை மாற்றினார். முகம் முழுக்கக் கறுத்து, எண்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. துக்கத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மேஜையைத் துடைத்த அண்ணி, அந்தத் தாளை எடுத்துக் குறுக்காகத் திருப்பி வைத்தார். எண்கள் கறுப்பாகிப் பளிச்சென்று வந்துவிட்டன. அண்ணாத்த உடனே கடைக்குப் போய் அண்ணிக்கென்று புது பேஸ்ட் வாங்கிவந்தார். அதிலும் பாதி வாட்சுக்குத்தான் போனது.

அவருக்கு ஒரு விதி இருந்தது. சரிசெய்த வாட்ச் எதுவானாலும் ஏழு நாள் அவர் கையில் ஓட வேண்டும். அதற்கப்புறம்தான் உரியவர் கைக்குப் போகும். அதனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எப்போதும் ஆறேழு வாட்ச் இருக்கும். மணிக்கொரு தரம் மொத்தக் கையும் கீச்சிடும். ஒன்று மட்டும் பிந்திக் கத்தினால், கல்யாண வீட்டில் அட்சதை போடுகிற நேரமானாலும் சரி, அதைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். செய்யூரில் இருக்கும் என் மாமனாரிடம் ஒரு டிஜிட்டல் வாட்ச் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. மூத்த மருமகனைத் தொடக்கூட விட்டதில்லை. என் மேல் என்ன பிரியமோ, "ரெண்டு வாரம் போட்டுக்கோங்க மாப்ள, பத்திரம்" என்று கழற்றிக் கொடுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமையே அதைக் கட்டிக்கொண்டு மகாபலிபுரம் போய், கடலில் இடுப்பளவு இறங்கி நின்று செல்ஃபி எடுத்தேன். கரையேறியபோது வாட்ச் நின்றுபோயிருந்தது. அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டில் விருந்து.

அண்ணாத்த வாட்சை வாங்கி மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா, உப்புத் தண்ணியா?"

"லேசா பட்டுச்சு, அண்ணாத்த."

"லேசாவா? உள்ள நண்டு கூடு கட்டிகினு கீதுடா. வாட்சோட கடல்ல எறங்கறவனுக்குச் சோறு போடக் கூடாது."

திட்டிக்கொண்டே பிரித்தார். புதன்கிழமை இரவு வாட்ச் ஓடியது. கண்ணாடி புதிதுபோல மின்னியது. கையை நீட்டினேன். விதியைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றேன். மாமனாருக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் என்னை ஒரு மனுசனாக மதிக்க மாட்டார் என்று கெஞ்சினேன். வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"சரி, நானும் வரேன். கையிலயே இருக்கட்டும்."

அப்படித்தான் மாமனார் வீட்டு விருந்துக்கு நான் ஒரு டிஸ்ப்ளே அண்ணாத்தையோடு போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே போயிருந்த என் மனைவி ஒன்றும் புரியாமல் அவருக்கும் இலை போட்டாள். மாமனார் வஞ்சிர மீன் துண்டை வைக்க வந்தவர், அண்ணாத்தையின் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, அது என் வாட்ச்சு ஆச்சே?"

"ஆமா மாமா. இவருதான் ரிப்பேரு பாத்தாரு."

"எதுக்கு ரிப்பேரு? நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சி?"

அண்ணாத்த என்னை ஒரு பார்வை பார்த்தார். வாட்ச் விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொல்லி நான் கண்டதில்லை. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"தண்ணி பூந்துட்ச்சி, சார்," என்றார் அண்ணாத்த. "நான்தான். ஆசையா கீதேன்னு உங்க மாப்ளகிட்ட வாங்கிக் கட்டிகினு போயி கடல்ல எறங்கிட்டேன். மாப்ள பாவம், வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினாரு."

மாமனார் பிடித்துக்கொண்டார். "வாட்ச்சு வேலை தெரிஞ்ச ஆளு, தண்ணில எறங்குறப்ப கழட்டணும்னு தெரியாதா? புத்தி வேணாம்?"

ஊருக்கே அந்தப் பாடத்தை நடத்துகிற மனிதர், இலையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான், சார்" என்றார். பிறகு வாட்சைக் கழற்றி நீட்டினார். அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

மாமனார் வாங்கிப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். "கண்ணாடி போடாமலே டைம் தெரியுதே" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து அண்ணாத்தைக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

மனைவி அங்கேயே தங்கிவிட, நாங்கள் இருவரும் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். ஏறின நிமிடத்திலிருந்து அண்ணாத்த ஆரம்பித்தார். அறிவிருக்கா, கண்ணிருக்கா, இன்னும் மூணு நாள் பாக்கி கீது தெரியுமா, ஒரு செகண்டு பிந்தினா உங்க மாமாவுக்கு யார்டா பதில் சொல்றது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ரயில் மாறி ஊரப்பாக்கத்தில் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

நான் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அன்றைக்கு அந்தக் குறை தெரியவில்லை.