பத்து நிமிடம் தும்மக்கூடாது

"எது சார் உங்க சொந்த விடுதி? தொட்டுக் காட்டுங்க, போதும்" என்றாள் விடுதிப் பங்கு விற்கும் மாரிசோல்.

வென்டல் புரூயிட்டின் ஆள்காட்டி விரல் அந்தரத்தில் நின்றது. விரலுக்குக் கீழே மேஜை மேல் அந்தக் கேளிக்கைப் பூங்கா முழுவதும் பொம்மையாக விரிந்து கிடந்தது. நடுவில் கோட்டை, ராட்டினங்கள், ஏரி. சுற்றிலும் விடுதிகள்.

அவன் விரல் இறங்குவதற்குள் மனைவி கோலீனின் கைப்பேசி அடித்தது.

"கிர்க் அண்ணன்!" என்று முகம் மலர்ந்தாள்.

வென்டல் விரலை மடக்கிக்கொண்டான்.

கோலீனின் அண்ணன் கிர்க்தான் வென்டலின் பிரச்சினை. ஒஹாயோ மாநிலத்து டோலிடோவில் வீட்டைச் சூடாக்கும் உலை, ஏ.சி. பழுது பார்க்கும் வென்டலுக்கு வருடத்தில் ஓய்வு ஒரே வாரம். அக்டோபர் முதல் வாரம். கோடைக்கால ஏ.சி. வேலை முடிந்து, குளிர்கால உலை வேலை தொடங்குவதற்கு இடைப்பட்ட இடைவெளி. அந்த ஒரு வாரத்துக்குத்தான் ஃப்ளோரிடாவுக்கு ஓடி வருகிறான். ஒன்பது வருடமாக கிர்க்கும் கூடவே வந்துகொண்டிருந்தான். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவான். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு பனியன் கொடுப்பான். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடாமல் இருக்க விசில் ஊதுவான். நாற்பத்தெட்டு வயது வென்டலையும் விசில் ஊதித்தான் கூப்பிடுவான்.

இந்த வருடம் கிர்க்குக்குப் பல் வேர் சிகிச்சை. வரவில்லை. வென்டல் ஐந்து நாளாக எட்டு மணி வரை தூங்கினான், நினைத்த நிறத்தில் சட்டை போட்டான். இந்தச் சுகத்தை நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்றுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

வழி மாரிசோல் வாயிலிருந்தே கிடைத்தது.

"நாற்பது வருஷ ஒப்பந்தம் சார். வருஷா வருஷம் உங்களுக்குப் புள்ளிகள் வரும். அதை வச்சு எந்த விடுதியில வேணும்னாலும் தங்கலாம். ஆனா உங்க சொந்த விடுதின்னா மட்டும் பதினோரு மாசம் முன்னாடியே அறை எடுக்கலாம். மத்த விடுதிக்காரங்க ஏழு மாசம் இருக்கும்போதுதான் உள்ள வர முடியும்."

"அக்டோபர் மொதல் வாரம்?"

"உணவுத் திருவிழா வாரமா? ஏழு மாசத்துல ஒரு கட்டில்கூட மிஞ்சாது சார்."

வென்டலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிர்க்கின் சொந்த விடுதி ஏரிக்கோபுரம். அது அல்லாத ஒன்றை எடுத்துவிட்டால் போதும், அக்டோபர் முதல் வாரத்தில் கிர்க்கால் அந்த வாசலை மிதிக்கவே முடியாது.

"எதை எடுக்கப் போறோம்னு கேக்கறார்" என்றாள் கோலீன், கைப்பேசியைக் கையால் மூடியபடி. "ஏரிக்கோபுரம்னு சொல்லிடட்டுமா? அண்ணன் பக்கத்து அறையே கிடைக்கும்."

"வேண்டாம்! எனக்கு உயரம் ஆகாது."

"நீதானே தினமும் கூரை மேல ஏறி ஏ.சி. ரிப்பேர் பண்றே?"

"கூரை வேற. இது கண்ணாடி. தலை சுத்தும்."

"அண்ணா, அவருக்குத் தலை சுத்துமாம். ஏரிக்கோபுரம் வேண்டாங்கிறார்... ஆமா, நிச்சயமா." கைப்பேசியை வைத்தவள், "பாவம், எவ்வளவு அக்கறை! 'நிச்சயம்தானே, நிச்சயம்தானே'ன்னு மூணு தரம் கேட்டார்" என்றாள்.

'கேப்பான், கேப்பான். எங்கே போனா பிடிக்கலாம்னு பாக்கறான்' என்று நினைத்துக்கொண்டான் வென்டல்.

மாரிசோல் அவர்களைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு 'பைன்ஸ்' விடுதிக்குப் போனாள். காட்டுக்குள் மரக் குடில்கள். மாதிரிக் குடிலின் கதவு திறந்ததும் கோலீன் சமையல் மேடையைப் பார்த்தாள். வென்டல் நேராக ஏ.சி.க்குப் போனான். பத்து சென்ட் நாணயத்தால் மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளிருந்த வடிகட்டியை வெளியே இழுத்தான்.

"பாத்தீங்களா? எத்தனை தூசி! இதை வச்சுக்கிட்டு எப்படிங்க மூச்சு விடறாங்க?"

"சார், அது மாதிரி அறை..."

"அஞ்சே நிமிஷம். பழக்க தோஷம்."

"போன வருஷம் அண்ணன் அறையிலயும் இப்படித்தான்" என்றாள் கோலீன்.

"முழுசா நாலு மணி நேரம் வேலை! கம்ப்ரஸரையே கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அதுக்கு முந்தின வருஷமும் பண்ணினேன். ஒரு நன்றி? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, குடும்பத்தோட நீச்சல் குளத்துல போய் உட்கார்ந்துக்கிட்டான். எப்பவும் எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுல வைக்கணும்னு உட்காரவச்சு விளக்கினேன், பாதியில எழுந்து போயிட்டான். பண்பு கெட்டவன்."

பைன்ஸ் அவனுக்குப் பிடித்துவிட்டது. "இதுதான். இதையே எழுதுங்க" என்றான்.

அதற்குள் கைப்பேசி. கோலீன் சொன்னாள், கேட்டாள், தலையாட்டினாள்.

"என்ன ஒரு பொருத்தம் பாரு! அண்ணனும் இங்கேயே கொஞ்சம் வாங்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தாராம். இங்கே நாய் கூட்டிட்டு வரலாமே. பிஸ்கட்டை விட்டுட்டு வர மனசு வரலையாம்."

பிஸ்கட் என்பது கிர்க்கின் நாய். முப்பத்தைந்து கிலோ. நாக்கு மட்டும் தனியாக ஒரு கிலோ இருக்கும்.

வென்டலுக்குக் கிர்க் விசில் ஊதுவதும் பிஸ்கட் முகத்தை நக்குவதும் ஒரே நேரத்தில் கண்ணில் தெரிந்தன.

"எனக்கு நாய் முடி ஒத்துக்காது" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"போன மாசத்துலேர்ந்து. சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்னு விட்டுட்டேன்."

கோலீனின் கண் கலங்கிவிட்டது. மாரிசோல் உடனே படிவத்தை எடுத்து 'ஒவ்வாமை' என்ற கட்டத்தில் எழுதினாள். எழுதிவிட்டுச் சந்தேகத்தோடு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்ல மூணு பூனை சார். இந்தக் கோட்டு முழுக்க பூனை முடிதான். ஒரு மணி நேரமா பக்கத்துலயே இருக்கீங்க, ஒண்ணும் ஆகலையே?"

வென்டல் தும்மினான். நம்பட்டும் என்று இன்னொன்றும் தும்மினான்.

"ஐயோ!" என்று மாரிசோல் கோட்டைக் கழற்றி வண்டிக்குள் எறிந்தாள். கோலீன் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அவளுடைய மூக்கடைப்பு மாத்திரை அது. அரை மாத்திரை போட்டாலே தூக்கம் தள்ளும். அவன் முழுதாக விழுங்க வேண்டியதாயிற்று.

கைப்பேசி மறுபடி. இம்முறை கோலீன் அவன் பக்கம் திரும்பி, "அண்ணன் கேக்கறார், நாய் மட்டும்தானா, இல்ல எல்லா மிருகமுமா?" என்றாள்.

நாய் மட்டும் என்றால் கிர்க் பூனை வாங்கிக்கொண்டு வருவான். வென்டல் யோசிக்கவே இல்லை.

"முடி இருக்கிற எல்லாம்."

"எல்லாமாம் அண்ணா... ஆமா, குதிரை, மாடு எல்லாமே... ஆமா, பாவம்தான்..." கைப்பேசியை வைத்தாள். "ரொம்ப வருத்தப்பட்டார். அவசரமா போனை வச்சுட்டார்."

வண்டி திரும்பியது. வென்டலுக்குக் கண் சொக்கியது. சொக்கும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நேரம் கிர்க் இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். கிர்க்குக்குப் பிடிக்காத இடத்தையல்லவா தேட வேண்டும்?

"கோலீன், உங்க அண்ணனுக்குப் பிடிக்கவே பிடிக்காத விடுதி எது?"

"சவன்னாதான். பால்கனிக்குக் கீழேயே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும்ல? அந்தச் சாணி நாத்தம் காருக்குள்ளயே வருதுன்னு சொல்லுவார். நாம அங்கே தங்கலாம்னு நீ ஒரு தடவை சொன்னப்பகூட மூக்கைப் பிடிச்சுக்கிட்டாரே."

வென்டல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாரிசோல், சவன்னா!"

வண்டி நின்றது. மாரிசோல் மெல்லத் திரும்பினாள்.

"சார், முடி இருக்கிற எல்லாம்னு நீங்கதான் சொன்னீங்க. அங்கே இருநூறு மிருகம் இருக்கு."

"ஒட்டகச்சிவிங்கிக்குச் சின்ன முடி."

"வரிக்குதிரை?"

"அது... கோடு."

"வென்டல், உனக்கு மாத்திரை தலைக்கு ஏறிடுச்சு" என்றாள் கோலீன்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்து அது மேல ஆசை, கோலீன். காலையில எழுந்ததும் ஒட்டகச்சிவிங்கி மூஞ்சியைப் பாக்கணும்."

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவன் மூஞ்சி என்று ஆசையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கோலீன் இளகினாள். மாரிசோல் இளகவில்லை.

"படிவத்துல எழுதியாச்சு சார். மேலிடத்துல ஒத்துக்கமாட்டாங்க. ஒண்ணு பண்ணலாம். சவன்னா பால்கனியில பத்து நிமிஷம் நில்லுங்க. தும்மலைன்னா நானே அந்த வரியை அடிச்சு விட்டுடறேன்."

சவன்னா மாதிரி அறைக்குள் நுழைந்ததுமே வென்டலின் கை நாணயத்தைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. "முதல்ல பால்கனி!" என்று கோலீன் இழுத்துக்கொண்டு போனாள்.

மாரிசோல் கடிகாரத்தைப் பார்த்தாள். வென்டல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கீழே வைக்கோல் கட்டுகளை அப்போதுதான் அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். காற்று அவன் பக்கமாக அடித்தது.

இரண்டாவது நிமிடம் மூக்கு நுனி அரித்தது. வாழ்நாளில் எதற்கும் ஒவ்வாமை இல்லாதவன், இன்றைக்கு மட்டும் நிஜமாகவே வருகிறது! நான்காவது நிமிடம் ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்து, எட்டத்திலிருந்தபடியே கழுத்தை நீட்டி அவனை முகர்ந்து பார்த்தது. ஆறாவது நிமிடம் மூச்சை அடக்கினான். ஏழில் முகம் சிவந்தது. எட்டில், ஆரஞ்சு பனியனை நினைத்துக்கொண்டான். விசிலை நினைத்துக்கொண்டான். நாற்பது அக்டோபர்களை நினைத்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன சார், கண்ணுல தண்ணி?"

"ஆனந்தம்" என்றான் பல்லைக் கடித்தபடி.

"இவ்வளவு ஆசையை மனசுக்குள்ள வச்சுக்கிட்டா இருந்தே!" என்று கோலீன் அவன் தோளில் சாய்ந்தாள். அவள் தலைமுடி அவன் மூக்கில் உரசியது. அதையும் தாங்கினான்.

"பத்து!" என்றாள் மாரிசோல்.

வென்டல் அறைக்குள் ஓடி, குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு ஏழு தடவை தும்மினான். வெளியே வந்தபோது மாரிசோல் படிவத்தில் அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"கோலீன், ஒரு சத்தியம் பண்ணு. நாம சவன்னா எடுத்ததை அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதே."

"ஏன்?"

"நல்லபடியா அடுத்த மாசம் அறை கையில வந்ததும் சொல்லலாம். திடீர்னு சொன்னா சந்தோஷப்படுவாரே."

"ஆமா, நல்லாதான் இருக்கும்" என்று கோலீன் சிரித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "ஆச்சரியமா இருக்கு. அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். மிருக விஷயம் சொன்னப்புறம் சத்தத்தையே காணோம்."

'ஓஞ்சு போயிட்டான்' என்று வென்டல் மனதுக்குள் விசில் அடித்தான். அவன் வாழ்க்கையில் இனிமையாகக் கேட்ட முதல் விசில் அதுதான்.

அலுவலகத்தில் ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்தவர் ஓட்டிஸ் என்ற பெரியவர். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் வென்டல் கையெழுத்துப் போட்டான். மாத்திரைத் தூக்கத்தில் கடைசிக் கையெழுத்து மேஜை விரிப்பு வரை போனது.

"வீட்டுக்கு வாங்க!" என்று ஓட்டிஸ் கை குலுக்கினார். சொந்தக்காரர் ஆனவர்களை இங்கே அப்படித்தான் வரவேற்பார்கள். கோலீனுக்கு நாக்கில் எச்சில் ஊறவைக்கும் எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு தட்டில் வந்தது.

"நவம்பர்ல, பதினோரு மாசக் கணக்கு தொடங்குற அன்னிக்குக் காலை எட்டு மணிக்கே அறை எடுத்துடுங்க" என்றார் ஓட்டிஸ். "எந்த வாரம்?"

"அக்டோபர் முதல் வாரம். இனிமே ஒவ்வொரு வருஷமும். நாற்பது வருஷம்."

"அட, அதே வாரமா? இன்னிக்கு ரெண்டாவது ஆள் சார் நீங்க. ஒரு மணி நேரம் முன்னாடிதான் ஒருத்தர் போன்லயே சவன்னா வாங்கினார். பழைய விடுதியை வித்துட்டு வர்றார். உங்க ஊர்ப் பக்கம்தான், ஒஹாயோ."

கேக்கை வாய்க்குக் கொண்டுபோன கோலீனின் கை நின்றது.

"சாணி நாத்தம் இருக்கும்னு அவர்கிட்ட நான் முன்கூட்டியே சொன்னேன்" என்றார் ஓட்டிஸ், தாள்களை அடுக்கியபடி. "'எனக்கு அந்த நாத்தம் எப்பவுமே ஒரு தொல்லையா இருந்ததில்லைங்க, ஒரு ஆளை அந்தப் பக்கம் வரவிடாம பண்ணத்தான் அப்படிச் சொல்லி வச்சிருந்தேன்'னாரு."

"யாரை?" என்றான் வென்டல்.

"அவரோட தங்கச்சி வீட்டுக்காரராம் சார். 'அவருக்கு மிருக முடி ஆகாதாம், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்த வருஷம் பல் வலின்னு பொய் சொல்லித் தப்பிச்சேன், இனிமே நாற்பது வருஷத்துக்கு என் ஏ.சி.யை யாரும் கழட்டமாட்டாங்க'ன்னு சொல்லி, பாவம், போன்லயே அழுதுட்டார்!"